ஹகோனே ஒன்சென்: ஒரு ராத்திரி, மூன்று குளியல்

டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்கு, ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறவர்களில் பலர் முதல் நாளே மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஏரிக் கப்பல், பேருந்து என்று முழு வட்டத்தையும் அடித்துவிட்டு, இருட்டிய பிறகு மூச்சிரைக்க விடுதிக்குள் நுழைகிறார்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். அவசரமாக ஒரு முழுக்கு, உடனே சாப்பாடு, தூக்கம். விடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். வெந்நீர் ஊற்றுக்கு என்று கொடுத்த பணம் முக்கால்வாசி வீணாகிவிடும்.

இந்தக் குறிப்பு ஒரே ஒரு கணக்கில் நிற்கிறது: மாலை 3 மணிக்கு விடுதிக்குள் இருக்க வேண்டும், மறுநாள் காலை 10 மணிக்குள் மூன்று முறை குளித்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, விடியலில் ஒன்று. மற்ற எல்லா ஏற்பாடும் இதற்கு ஒத்துப்போகட்டும்.

நாளும் அறையும்

ஞாயிறு முதல் வியாழன் வரையிலான ராத்திரிகளைப் பாருங்கள். சனி ராத்திரியும் அரசு விடுமுறைக்கு முந்தைய ராத்திரியும் அதே அறைக்கு விலை ஏறும், பொதுக் குளியலறையிலும் கூட்டம் இருக்கும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், புத்தாண்டு, நவம்பரில் இலை சிவக்கும் நாள்கள் ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவுக்கும் ஹகோனேவுக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்களின் தொடர் ஓட்டப் பந்தயம் நடக்கும். மலைச் சாலையை அடைத்துவிடுவார்கள், பேருந்துகள் நிற்கும். அந்த இரண்டு நாளும் ரயிலை மட்டும் நம்புங்கள். ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் மலை ரயில் பாதையின் இருபுறமும் ஹைட்ரேஞ்சா பூத்திருக்கும். பார்க்க அழகு, ஆனால் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் விலை பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், அறைக்கு அல்ல. இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு, கணக்கு இரட்டிப்பானதும் திகைப்பவர்கள் உண்டு. அந்த விலையில் வழக்கமாக ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கும். நடுத்தரமான இடத்தில் ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். அறையோடு தனித் தொட்டி இருந்தால் அதற்கு மேலும் போகும். இதற்கு வெளியே குளியல் வரி உண்டு, பொதுவாக ஆளுக்கு நாளொன்றுக்கு 150 யென். கிளம்பும்போது அதைச் சில்லறையாகக் கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் கண்ணுக்கு மீன் தெரியாது, ஆனால் மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் கத்ஸுவோபுஷி என்ற காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்த தாஷி என்ற அடிப்படைச் சாறு இருக்கும். அதனால் மூன்றையும் தனித்தனியாக, எழுத்தில், குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, மீன் தாஷி இல்லை. கடற்பாசியில் எடுக்கும் கொம்பு தாஷி போதும் என்றும் சேர்த்தால் சமையல்காரருக்கு வழி கிடைக்கும். வாயால் சொல்ல வேண்டி வந்தால்: "நிகு தோ சகானா வா தபேரரேமசென். கத்ஸுவோ நோ தாஷி மோ தாமே தெஸ்." போய் இறங்கிய பிறகு சொன்னால் பல விடுதிகளால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அன்றைய பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களும் காலையிலேயே தொடங்கியிருக்கும். விடுதி முடியாது என்று பதில் போட்டால் வருத்தப்பட வேண்டாம். "சுதோமரி" என்ற சாப்பாடு இல்லாத ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்து யுமோட்டோவிலோ, அதற்கு முன் வரும் ஒடவாராவிலோ சாப்பாடு வாங்கிக்கொண்டு போங்கள். மலை மேலே கடைகள் சீக்கிரம் மூடிவிடும், அங்கே போய்த் தேடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பதிவு செய்யும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: "காஷிகிரி" குளியல் உண்டா? முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக் கொடுக்கும் தொட்டி அது. ஒன்சென் பொதுத் தொட்டியில் நீச்சலுடை கூடாது, ஒரு துணியும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அப்படி நிற்க மனம் ஒப்பாதவர்கள், பச்சை குத்தியவர்கள், தாலியைக் கழற்றாத பெண்கள், மாதவிலக்கு நாள் வந்துவிடுமோ என்ற கவலை உள்ளவர்கள், இன்னும் டயப்பர் கட்டும் குழந்தையோடு வருகிறவர்கள் என எல்லோருக்கும் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி இதுதான். மாதவிலக்கிலும் டயப்பரோடும் தனித் தொட்டியில் இறங்கலாமா என்பதை மட்டும் விடுதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத் தொட்டியில் இரண்டுக்கும் இடமில்லை. பச்சை குத்தியது சிறியதாக இருந்தால், மேலே ஒட்டும் தோல் நிற ஒட்டி போதும் என்று சில விடுதிகள் சொல்லும், சில ஒட்டினாலும் விடாது.

போகும் வழி

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து போவதென்றால் ஒடக்யூ நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் என்ற விரைவு ரயில். ஹகோனே யுமோட்டோவரை மாறாமல், சுமார் 85 நிமிடம். எல்லா இருக்கையும் முன்பதிவுதான். பதிவு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஜி.எஸ்.ஈ. வகை ரயிலில் ஓட்டுநர் மேல் தளத்தில் உட்கார, முன் கண்ணாடி முழுவதும் பயணிகளுக்கு. அந்த முன்வரிசை இருக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஹகோனே ஃப்ரீபாஸ் வாங்கினால் மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, கப்பல், உள்ளூர்ப் பேருந்து அடங்கும். ரொமான்ஸ்காரின் விரைவுக் கட்டணம் அதில் சேராது, தனியாக எடுக்க வேண்டும். இங்கே சொல்லும் மெதுவான திட்டத்தில், ஏரிவரை போகப்போவதில்லை என்றால் பாஸ் தேவைப்படாமலும் போகலாம். போகும் இடங்களின் தனிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுயிகா, பாஸ்மோ என்ற ரயில் கட்டண அட்டைகள் மலை ரயிலிலும் செல்லும்.

டோக்கியோவின் நிஷிகாசாய்ப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஷின்ஜுகு சுற்று வழி. தோசாய் சுரங்க ரயில் பாதையில் ஓத்தெமாச்சி இறங்கி, நிலத்தடி வழியாகவே டோக்கியோ நிலையத்துக்கு நடந்து, ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஒடவாராவுக்குச் சுமார் 35 நிமிடம். அங்கிருந்து யுமோட்டோவுக்கு உள்ளூர் ரயிலில் 15 நிமிடம். ஷின்கான்சென் வகைகளில் ஏற வேண்டியது கொதாமா. ஹிகாரியில் ஒருசில மட்டுமே ஒடவாராவில் நிற்கும். நொசோமியில் தவறி ஏறினால் ஷின் யோகோஹாமாவுக்கு அடுத்த நிறுத்தம் நகோயாதான், அன்றைய திட்டம் அதோடு முடிந்தது. ஜே.ஆர். ரயில்களுக்கான பாஸ் இருந்தாலும் அது ஒடவாராவரைதான்.

காலை 9 மணிவாக்கில் கிளம்பினால் பதினோரு மணிக்குள் யுமோட்டோ. நிலையத்தில் பெட்டியை விடுதிக்கு அனுப்பும் சேவை உண்டு. முற்பகலில் கொடுத்துவிட்டால் மாலைக்குள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பெரிய பெட்டிகளை இதற்குக்கூடக் கொண்டுவராதீர்கள், டோக்கியோ விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள்.

யுமோட்டோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். மலை ரயிலின் கடைசி நிலையமான கோரா 541 மீட்டர். இடையில் 8.9 கிலோமீட்டர்தான், ஆனால் 40 நிமிடம் ஆகும். காரணம், 1919-ல் திறந்த இந்தப் பாதை 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஏறுகிறது. மூன்று இடங்களில் ரயில் நின்று, ஓட்டுநரும் நடத்துநரும் முனை மாறிக்கொள்ள, பின்பக்கமாகக் கிளம்பி இசட் வடிவில் ஏறும். ரயில் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கோராவில் குளிர் இரண்டு மூன்று டிகிரி கூடுதல், ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

முதல் நாளுக்கு ஒரே ஓர் இடம் போதும்: கோராவுக்கு முந்தைய நிலையத்தில் இருக்கும் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகம். 1969-ல் தொடங்கியது. புல்வெளியில் சிற்பங்கள், பிக்காசோவுக்குத் தனிக் கட்டடம், நடுவே கால் நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி. இரண்டரை மணி நேரம் நிதானமாகப் பார்த்தால் விடுதி திறக்கும் நேரம் வந்துவிடும்.

விடுதிக்குள்

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். நடைபாதைக்குத் தரும் செருப்பை ததாமிப் பாய் போட்ட இடத்துக்கு வெளியே விட வேண்டும். கழிவறைக்குள் தனிச் செருப்பு இருக்கும், அதையே போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை அப்போதே கேட்பார்கள், ஆறு முதல் ஏழரைக்குள்ளாக இருக்கும். ஆறரை அல்லது ஏழைத் தேர்ந்தெடுங்கள், முதல் குளியலுக்கும் அதன் பிறகு சும்மா படுத்திருக்கவும் நேரம் கிடைக்கும்.

அறையில் தேநீரும் சிறு இனிப்பும் வைத்திருப்பார்கள். அது வெறும் உபசாரத்துக்கு மட்டும் வைத்ததில்லை. பயணக் களைப்போடு, வெறும் வயிற்றில் வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும். இனிப்பைச் சாப்பிட்டு, தேநீரைக் குடித்து, கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு, அரைமணி கழித்து இறங்குங்கள்.

யுகதா என்ற பருத்தி அங்கியை அணியும்போது வலது பக்கம் உடம்போடு, இடது பக்கம் அதன் மேலே. ஆண் பெண் இருவருக்கும் இதே முறை. மாற்றிக் கட்டுவது இறந்தவருக்குச் செய்வது, அதனால் பார்ப்பவர்கள் பதறிவந்து சரிசெய்வார்கள்.

நகையை அறைப் பெட்டகத்தில் வையுங்கள். கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கந்தக நீரில் நிமிடங்களில் கறுக்கத் தொடங்கும். நீரிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மேலே படிவதுதான் அந்தக் கறுப்பு. 22 காரட் தங்கத்திலும் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் நிறம் மங்கலாம். மஞ்சள் கயிறு என்றால் நீரில் நிறம் விடும், அதனால் பொதுத் தொட்டிக்கு ஆகாது. தலையில் தேங்காய் எண்ணெயும் கூடாது, முந்தின நாளே அலசிவிட்டு வாருங்கள்.

குளிக்கும் முறை

குளியலறை வாசலில் தொங்கும் திரைச்சீலையில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். மேலே நான்காகப் பிரித்த சதுரக் கட்டம் இருந்தால் ஆண்கள். கட்டமே இல்லாமல் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தால் பெண்கள். நீலம் ஆண், சிவப்பு பெண் என்பது வழக்கம்தான், ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பல விடுதிகளில் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவே இரண்டு குளியலறைகளையும் மாற்றிவிடுவார்கள், எல்லோருக்கும் இரண்டு தொட்டியும் கிடைக்கட்டும் என்று. நேற்று போன கதவுக்கே காலையில் தூக்கக் கலக்கத்தில் போகாமல், ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பாருங்கள். மகனை அம்மாவோடு அழைத்துப் போகும் வயது வரம்பு இப்போது குறைந்திருக்கிறது. 2020-ல் தேசிய வழிகாட்டுதலே சுமார் 7 வயது ஆகிவிட்டால் கூடாது என்று மாறியது.

உடை மாற்றும் அறையில் செல்பேசியை வெளியே எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கூடையில் வைத்துவிட்டு, சிறிய துண்டை மட்டும் கொண்டு உள்ளே போங்கள். பெரிய துண்டு கூடையிலேயே இருக்கட்டும்.

அடுத்து உடம்பைக் கழுவுவது. தொட்டி அழுக்குப் போக்கும் இடம் இல்லை, சுத்தமானவர்கள் ஊறும் இடம். சுவரோரம் குட்டையான முக்காலி, வாளி, கைக்குழாய் இருக்கும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். சோப்பு போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வையுங்கள். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள், நுனிகூட நீரில் படக் கூடாது.

தொட்டி ஓரத்தில் நின்று, அதே நீரை மொண்டு கால், தொடை, கை, தோள் என்ற வரிசையில் ஏழெட்டு வாளி ஊற்றுங்கள். இதற்குப் பெயர் ககேயு. நீர் 40 முதல் 43 டிகிரிவரை இருக்கும். திடீரென்று இறங்கினால் ரத்த அழுத்தம் எகிறும், ஊற்றிக்கொண்டால் உடம்பு தயாராகிவிடும். பிறகு மெதுவாக இறங்குங்கள். சிறு துண்டு நீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வையுங்கள். முழுகுவது, நீந்துவது இரண்டும் இல்லை.

முதல் தடவை இடுப்பளவில் இரண்டு நிமிடம், தோள்வரை மூன்று நிமிடம். நெற்றியில் வேர்வை அரும்பியதும் வெளியே வந்து கல்லில் உட்காருங்கள். ஆறியதும் இன்னொரு ஐந்து நிமிடம். முதல் குளியலுக்கு இவ்வளவு போதும். எழுந்திருக்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். வெந்நீரில் ரத்த நாளங்கள் விரிந்திருக்கும், நீரின் அழுத்தமும் சட்டென்று விலகும், ரத்தம் காலுக்கு இறங்கும். ஓரத்தைப் பிடித்து, பாதி எழுந்து, நின்று, அப்புறம் நடங்கள். கண் இருட்டினால் அங்கேயே குனிந்து உட்காருங்கள்.

மது குடித்தபின் இறங்காதீர்கள், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் 42 டிகிரிக்கு மேலான தொட்டியை விட்டுவிட்டு மிதமானதில் நெஞ்சளவு மட்டும் உட்காரலாம், கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். கர்ப்பிணிகள் ஒன்சென் நீரில் இறங்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-ல் எடுத்துவிட்டது. ஆனால் வழுக்கும் தரையும் தலைசுற்றலும் இருக்கத்தான் செய்கின்றன.

வெளியே வரும்போது சிறு துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போங்கள், அந்தத் தரை காய்ந்திருக்க வேண்டும். மேலே நல்ல தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதில்லை, நீரின் உப்புகள் தோலில் தங்கட்டும் என்பது பழக்கம். அமில நீரென்றால், அல்லது தோல் எரிந்தால், அலசிவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், அரைமணி படுக்கை.

என்ன நீர் என்று படிப்பது

உடை மாற்றும் அறைச் சுவரில் சட்டப்படி மாட்ட வேண்டிய நீர்ப் பகுப்பாய்வுத் தாள் இருக்கும். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊற்றில் 25 டிகிரி இருந்தாலோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு இருந்தாலோ அது ஒன்சென்தான். அதனால் பெயரை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். 2005 முதல் நீர் சேர்க்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்றுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்பதையும் எழுதியாக வேண்டும். "கென்சென் ககேநாகாஷி" என்றால் ஊற்று நீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள். விடுதி தேர்வில் நாம் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான்.

ஹகோனேவுக்குள்ளேயே நீர் மாறும். யுமோட்டோவில் தெளிந்த காரத்தன்மை நீர், தோல் வழவழக்கும், தரையும்தான். கோராவிலும் செங்கோகுஹராவிலும் சில விடுதிகளில் ஒவாகுதானி எரிமலைப் பள்ளத்தின் ஆவியில் நீரைச் செலுத்தி உண்டாக்கிக் குழாயில் இறக்கும் பால் நிற கந்தக நீர். அது அமிலம், சிறு காயத்திலும் சுரீரென்று எரியும், அன்று காலை சவரம் செய்திருந்தால் நன்றாகத் தெரியும். கண்ணைத் தேய்க்காதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு யுமோட்டோ நீர் சுகம். ஆனால் ஒன்சென் என்றால் கந்தக மணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மேலே ஏறுங்கள்.

இரண்டாம், மூன்றாம் குளியல்

சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்பதரை வாக்கில் ரோத்தென்புரோவுக்கு, அதாவது திறந்தவெளித் தொட்டிக்குப் போங்கள். பகல் பயணிகள் போயிருப்பார்கள், ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். பத்து நிமிடம் போதும். வெந்நீரில் உடம்பின் உள்சூடு ஏறி, வெளியே வந்தபின் இறங்கும்போதுதான் தூக்கம் வரும், எனவே படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் பணியாளர்கள் வந்து பாயில் மெத்தை விரித்துப் போயிருப்பார்கள்.

காலைக் குளியல் ஆறு மணிக்கு. தொட்டி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முந்தின ராத்திரியே கேட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க உடம்பு வறண்டிருக்கும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் இறங்க வேண்டாம். குளிர்காலத்தில் வெளியே பூஜ்யம் டிகிரியும் நீர் 42 டிகிரியும் இருக்கும். ககேயுவை இந்த வேளையில் நிதானமாகச் செய்யுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம். மூன்றில் இதுதான் அருமையானது. ஆவிக்கு நடுவே மலை தெளிந்து வருவதை வேறெந்த நேரத்திலும் பார்க்க முடியாது.

உடம்பு கனத்து, அசதியாக இருந்தால் நீரில் ஊறியது அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஜப்பானியர் இதை யுஅதாரி என்பார்கள். மூன்றாவதை விட்டுவிடுங்கள், ஒரு நாள் ஓய்வில் சரியாகும்.

கிளம்பும் நாள்

பத்து மணிக்கு வெளியேறியதும் நேரம் இருந்தால் கோராவிலிருந்து கேபிள் கார், ரோப்வே வழியாக ஒவாகுதானி. 1,044 மீட்டர் உயரம், 2015-ல் சிறிய அளவில் வெடித்த இடம். பலத்த காற்றிலும் வாயு கூடினாலும் ரோப்வே நின்றுவிடும், காலையிலேயே நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். ஊற்றில் வேகவைத்த கறுப்பு முட்டை விற்பார்கள். ஓட்டில் படிந்த இரும்பு கந்தக வாயுவோடு சேர்ந்து கறுத்தது, உள்ளே சாதாரண முட்டைதான். ஒன்று தின்றால் ஏழு ஆண்டு ஆயுள் கூடும் என்பது ஊர்ச் சொல். ஆஷி ஏரிவரை போனால் திரும்பும் பேருந்து வாரக் கடைசியில் மலைச் சாலை நெரிசலில் சிக்கும், ரயிலுக்கு முன்பதிவு செய்திருந்தால் ஒரு மணி நேரமாவது கூடுதலாக விட்டு வையுங்கள்.

மறந்துபோய் மெட்டியோடு இறங்கிக் கறுத்துவிட்டதா? வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளைப் பளபளப்புப் பக்கம் மேலாக விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், ஐந்து நிமிடத்தில் வெளுக்கும். முத்தோ கல்லோ பதித்திருந்தால் இதைச் செய்யாமல் நகைக்கடையில் கொடுங்கள்.